சுரங்கம் தேறிவிட்டது, நடைபாலம்?

ஓடிக்கொண்டிருக்கும் ரயில் நிலையத்தை ஒரு நாள்கூட மூடாமல் அதன் அடியில் மெட்ரோ கட்ட முடியுமா என்ற கேள்விக்குப் பதில் எப்போதோ கிடைத்துவிட்டது. முடியும். ஹவுராவில் முடிந்திருக்கிறது, ஆம்ஸ்டர்டாமில் முடிந்திருக்கிறது. இன்னும் அதையே சொல்லி வியந்துகொண்டிருப்பது திட்டக்காரர்களின் விளம்பரப் பலகைக்கு நல்லது. பயணிக்கு அதனால் ஒரு பைசா பயனில்லை. பயணி கேட்க வேண்டியவை இரண்டு. தோண்டிய காலத்துத் தொல்லையை யார் தலையில் கட்டினார்கள்? தோண்டி முடித்தபின் வசதி யார் கைக்கு வந்தது? மும்பையின் மூன்றாம் மெட்ரோ தடத்தை இந்த இரண்டு கேள்விகளையும் வைத்து, உல்லாஸ்நகரில் இருந்துகொண்டு எடைபோடப் பார்க்கிறேன்.

மெட்ரோவே இல்லாத உல்லாஸ்நகரிலிருந்தா என்று கேட்கலாம். அதனால்தான். கல்யாணைத் தாண்டி கர்ஜத் பாதையில் இருக்கும் ஊர் இது. சிந்திகளின் ஊர் என்று பெயர். தமிழ்க் குடும்பங்களும் நிறைய. வேலை கோட்டையிலோ பாந்த்ரா-குர்லா வளாகத்திலோ சீப்ஸ் ஏற்றுமதி வளாகத்திலோ; சொந்தபந்தம் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும். காலையில் பத்லாப்பூர் லோக்கலும் அம்பர்நாத் லோக்கலும் இங்கே வரும்போதே வாசல் வரை நிறைந்துதான் வருகின்றன. லோக்கல் நெரிசலைக் குறைப்போம் என்று சொல்லித்தான் மும்பையில் ஒவ்வொரு மெட்ரோவுக்கும் பணம் ஒதுக்குகிறார்கள். அப்படியானால் வாசல் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவனிடமிருந்து கணக்குத் தொடங்குவதுதான் முறை.

மூன்றாம் தடம் 33.5 கிலோமீட்டர். 27 நிலையங்களில் 26 மண்ணுக்கடியில். ஆரேயிலிருந்து பாந்த்ரா-குர்லா வளாகம் வரை 2024 அக்டோபரிலும், அங்கிருந்து வொர்லியின் ஆச்சார்ய அத்ரே சௌக் வரை 2025 மேயிலும், எஞ்சிய தெற்குப் பகுதி கஃப் பரேட் வரை 2025 அக்டோபரிலும் திறந்தார்கள். 23,136 கோடி ரூபாய் என்று தொடங்கிய மதிப்பீடு 37,276 கோடியில் போய் நின்றது. வழியில் இது உரசிப் போகும் ரயில் நிலையங்கள் பல: சர்ச்கேட், சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் (சிஎஸ்எம்டி), கிராண்ட் ரோடு, மும்பை சென்ட்ரல், மகாலட்சுமி, தாதர். எதிலும் பிளாட்பாரங்களுக்கு நேர் அடியில் மெட்ரோ நிலையம் இல்லை. எல்லா இடத்திலும் பக்கத்துச் சாலைக்கு அடியில் ஒதுங்கி நிற்கிறது. தண்டவாளங்களுக்குக் கீழே சுரங்கம் மட்டும் போகிறது. மாஹிமின் சீதலாதேவியிலிருந்து தாராவிக்குப் போக மேற்கு ரயில்வேயை அடியில் கடக்காமல் வழியே கிடையாது.

இந்த ஒதுங்கல் கோழைத்தனமா, புத்திசாலித்தனமா? அதைச் சொல்ல, நேர் அடியில் தோண்டியவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

சுரங்க இயந்திரம் முன்னேறும்போது தான் குடைவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே மண்ணை எடுத்துவிடும். அந்தக் கொஞ்சம்தான் எல்லாத் தொல்லைக்கும் மூலம். கீழே இழந்த மண்ணுக்கு ஈடாக மேலே தரை ஆழமில்லாத குழிபோல அமிழும். வெறும் மைதானமாக இருந்தால் யாருக்கும் தெரியாது. மேலே தண்டவாளம் இருந்தால், இரண்டு இரும்புக்கும் இடையே சில மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வே ரயிலின் வேகத்தைக் குறைக்கச் சொல்லும். எனவே இயந்திரத்தின் முகத்தில் மண்ணின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தை விடாமல் கொடுக்கிறார்கள். குடைந்த கையோடு கான்கிரீட் வளையங்களைப் பொருத்தி, வளையத்துக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள சந்தில் சிமென்ட் கலவையைச் செலுத்துகிறார்கள். மேலே சுவர்களிலும் தூண்களிலும் சிறு கண்ணாடிப் பட்டகங்களை ஒட்டி, எது எவ்வளவு அசைகிறது என்று இரவும் பகலும் கருவி வைத்து அளக்கிறார்கள்.

இதெல்லாம் தெரிந்த ஜெர்மானியர்களே சறுக்கியிருக்கிறார்கள். ராஷ்டாட் என்ற ஊரில் ஓடும் இருப்புப்பாதைக்குக் கீழே, சில மீட்டர் ஆழத்தில், மண்ணைச் சுற்றிலும் உறையவைத்துக்கொண்டு குடைந்தார்கள். 2017 ஆகஸ்ட் 12 அன்று மேலே தண்டவாளம் அமிழ்ந்தது. வட கடல் துறைமுகங்களிலிருந்து இத்தாலிக்குச் சரக்கு போகும் ஐரோப்பாவின் முக்கியப் பாதை அக்டோபர் 2 வரை மூடிக்கிடந்தது. சுரங்கத்தைத் தாங்கிப் பிடிக்க வேறு வழியில்லாமல் இயந்திரத்தோடு சேர்த்துக் கான்கிரீட்டைக் கொட்டி மூடிவிட்டார்கள். ஏழு வாரம். அதே ஏழு வாரம் சிஎஸ்எம்டிக்கும் பைகுலாவுக்கும் இடையே லோக்கல் ஓடாமல் இருப்பதாக எண்ணிப் பாருங்கள். என்னால் எண்ண முடியவில்லை.

ஆம்ஸ்டர்டாம் இதற்கு நேர் எதிர்க் கதை. 19-ஆம் நூற்றாண்டின் அந்தச் சென்ட்ரல் நிலையம் ஆயிரக்கணக்கான மரத்தூண்கள்மேல் சேற்றில் நிற்கிறது. அதன் அடியில் பாதாளச் சுவர்களை எழுப்பி, மேலே ஒரு மேசைப் பலகை மாதிரி தளம் போட்டு நிலையத்தின் பாரத்தை அதில் ஏற்றி, கீழே தோண்டி நீர் நிரப்பி, வேறிடத்தில் வார்த்த சுரங்கப் பெட்டியை 2011-இல் மிதக்கவிட்டுக் கொண்டுவந்து இறக்கினார்கள். மேலே ரயில்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. பொறியியல் என்று பார்த்தால் கைகூப்ப வேண்டிய வேலை. 2003-இல் தொடங்கிய தடம் 2018-இல்தான் திறந்தது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நிலையம் அசையவில்லை, ஆனால் அதே தடத்தில் ஃபைசல்கிராக்ட் தெருவில் 2008-இல் பழைய வீடுகள் அமிழ்ந்தன.

நம் நாட்டிலும் அச்சு அசலாக அதுவே நடந்தது. கொல்கத்தாவின் கிழக்கு-மேற்கு மெட்ரோ ஹவுரா நிலைய வளாகத்துக்கு அடியிலேயே போய், ஹூக்ளியை 520 மீட்டர் நீளச் சுரங்கத்தில் கடக்கிறது. ஆற்றுக்கடியில் குடையும் வேலை 2017-இல் முடிந்தது. 2024 மார்ச்சில் ரயில் ஓடியது. 23 பிளாட்பாரங்கள் உள்ள நிலையத்துக்கும் ஆற்றுக்கும் ஆபத்தில்லை. இடிந்தது எது? 2019 ஆகஸ்ட் 31 அன்று, ஆற்றைத் தாண்டி வெகுதூரம் வந்தபின், பௌபஜாரில் இயந்திரம் நீரடுக்கைக் குத்தியது. மேலே சந்துகளில் பழைய வீடுகள் விரிசல்விட்டுச் சரிந்தன. நூற்றுக்கணக்கானோர் கட்டிய துணியோடு வெளியேறினார்கள். 2022-இல் அதே பகுதியில் மறுபடியும் விரிசல்.

இரண்டு கண்டங்கள், இரண்டு வகை மண், ஒரே முடிவு. இதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. ரயில்வே ஒரு பெரிய வீட்டுக்காரர். வரைபடத்தில் அவர் கையெழுத்து வேண்டும். வேகக் கட்டுப்பாடு வேண்டுமானால் அவர்தான் தர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. எனவே அவர் நிலத்துக்கடியில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். சந்து வீட்டுக்காரனுக்கு அந்த அதிகாரம் எதுவும் கிடையாது. ஓடும் நிலையத்தின் அடியில் தோண்டுவது மிக ஆபத்தானது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கணக்கைப் பார்த்தால் அதுதான் மிகப் பாதுகாப்பாகத் தோண்டப்படும் இடம். ராஷ்டாட் இதற்கு விலக்கு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே தண்டவாளத்துக்கும் சுரங்கத்துக்கும் இடையில் இருந்தது சில மீட்டர் மண்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

மும்பைக்கு வருவோம். தெற்கு மும்பையில் கடலைத் தூர்த்த மேல்மண்ணுக்குக் கீழே எரிமலைப் பாறை. கொல்கத்தாக்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய நிலம். அதனால் சிஎஸ்எம்டிக்கு நேர் அடியில் மெட்ரோ நிலையம் கட்டுவது பொறியியலில் நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். ஆனால் பாறையில் ஒரு நிலையத்தின் அளவுக்கு வெற்றிடம் எடுக்க வேண்டுமானால் வெடிவைப்பு, அதிர்வு, மேலிருந்து இறக்கும் தூண்கள், லாரி லாரியாகக் கல். மேலே 1880-களில் எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் கட்டி, 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கட்டடம். அதன் பின்னே 18 பிளாட்பாரங்கள். வேலைக்குக் கிடைக்கும் நேரமோ, நள்ளிரவு தாண்டிக் கடைசி கர்ஜத் லோக்கல் போனதிலிருந்து அதிகாலை முதல் லோக்கல் வரை உள்ள சில மணி நேரம்.

அந்த நேரத்துக்குள் வேலை முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம். 2024 மே கடைசியில் தானேயில் 5-ஆம் பிளாட்பாரத்தை அகலப்படுத்த 63 மணி நேர மெகா பிளாக், அதாவது ரயிலை நிறுத்திவைத்து வேலை. சிஎஸ்எம்டியில் 10, 11 பிளாட்பாரங்களை நீட்ட 36 மணி நேர பிளாக். இரண்டுக்குமாக 930 லோக்கல்களை ரத்து செய்தார்கள். தரைமேல் கொஞ்சம் கான்கிரீட்டுக்கே இந்தக் கதி. பாதாளத்தில் மூன்று தளம் இறக்க எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை எங்களிடம் வாங்கியிருப்பார்கள்? உல்லாஸ்நகர்க்காரர்களுக்கு மெகா பிளாக் என்றால் கல்யாணில் இறங்கி பஸ்ஸுக்கு அடிபடுவது. ஆகையால் சிஎஸ்எம்டியைப் பொறுத்தவரை பக்கத்துச் சாலைக்கு ஒதுங்கியது சரியான முடிவு. முதல் கேள்வியில் லோக்கல் பயணி தப்பித்தான்.

அவன் தப்பித்த இடத்தில் வேறொருவர் மாட்டினார். டாக்டர் தாதாபாய் நவ்ரோஜி சாலையில் ஜே. என். பெட்டிட் நூலகக் கட்டடத்தின் உச்சியிலிருந்து 2017 ஆகஸ்டில் அலங்காரக் கல் ஒன்று விழ, வழக்கு உயர் நீதிமன்றம் போனது. அங்கே வேலையும் சில காலம் நின்றது. பார்சிகள் தங்கள் இரண்டு பெரிய அக்னி ஆலயங்களுக்கு அடியில் சுரங்கம் போவதை எதிர்த்து 2018-இல் வழக்காடித் தோற்றார்கள். கால்பாதேவியிலும் கிர்காவிலும் பழைய சால் குடியிருப்புகள் காலியாயின. கஃப் பரேட் பகுதிவாசிகள் தூங்க முடியவில்லை என்று மனுப்போட, இரவு பத்து முதல் காலை ஆறு வரை வேலைக்கு நீதிமன்றம் தடைவிதித்தது. இதில் ஒரு வேடிக்கை: நிலையத்துக்கு அடியில் என்றால் இரவில் மட்டும்தான் வேலை செய்யலாம், சாலைக்கு அடியில் என்றால் இரவில் மட்டும் செய்யக் கூடாது. மெட்ரோ நிறுவனம் ரயில்வேயோடு மோதுவதைவிட நீதிமன்றத்தோடு மோதுவது மேல் என்று முடிவெடுத்தது. காலக்கெடுவும் செலவும் வீங்கியதில் அந்த மோதலுக்கும் பங்குண்டு.

இனி இரண்டாவது கேள்வி. இங்கேதான் தீர்ப்பு கசக்கத் தொடங்குகிறது.

சிஎஸ்எம்டியில் குறை சொல்ல அதிகமில்லை. அது லோக்கலின் கடைசி நிலையம். எல்லோரும் எப்படியும் இறங்கி, வாசல் தாண்டி, சப்வேயில் நுழையத்தான் போகிறார்கள். அந்தச் சப்வேயோடு மெட்ரோ சேர்ந்துகொள்கிறது. இறங்கி விதான் பவனுக்கோ கஃப் பரேடுக்கோ போகிறவனுக்கு ஷேர் டாக்ஸி வரிசை மிச்சம். ஆனால் அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக லோக்கலில் நின்றே வந்தவனுக்கு அந்தக் கடைசிச் சில கிலோமீட்டர் பெரிய விஷயமா? நடந்துவிடுவான்.

எங்களுக்கு உண்மையில் வேண்டியது நடுவழியில் மாறும் இடம். அது தாதர். மத்திய, மேற்கு ரயில்வேக்கள் தோளோடு தோள் உரசும் ஒரே பெரிய நிலையம். அங்கே மூன்றாம் தடத்தின் நிலையம் கோகலே ரோட்டுப் பக்கம், மேற்கே தள்ளி இருக்கிறது. கல்யாண் பக்கத்திலிருந்து ஃபாஸ்ட் லோக்கலில் வந்து இறங்குகிறவர் மத்திய ரயில்வே பிளாட்பாரத்திலிருந்து படியேறி, மேற்கு ரயில்வேயின் அத்தனை பிளாட்பாரங்களையும் பாலத்தின்மேல் கடந்து, தாதர் மேற்கில் இறங்கி, சாமந்தியும் செண்டுமல்லியும் கூடைகூடையாகக் கிடக்கும் சந்தைக்குள் வழிபிடித்து, காய்கறிக்காரர்களையும் துணிக்கடைக் கூட்டத்தையும் விலக்கிக்கொண்டு நடந்தால்தான் மெட்ரோ வாசல். மழை நாளில், கையில் டிபன் பையோடு, ஒன்பதரை மணிக்கு. பாந்த்ரா-குர்லா வளாகத்துக்குப் போகிறவர் இதற்குத் துணிவாரா? குர்லாவிலேயே இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு வரிசையில் நிற்பார். நிற்கிறார்கள்.

மெட்ரோவின் பக்க நியாயத்தையும் பார்க்கலாம். ரயில் தொடாத வொர்லி, சித்திவிநாயக், விமான நிலையம் இவற்றைத் தொடத்தான் இந்தத் தடம் பிறந்தது. தாதருக்காக வளைந்தால் அந்த நோக்கம் கெடும். ஒப்புக்கொள்கிறேன். தடம் வளைய வேண்டாம், நடைபாதை வளையலாமே? 37,000 கோடிக்கு மேல் செலவிட்ட இடத்தில் மத்திய ரயில்வே பிளாட்பாரத்திலிருந்து மெட்ரோ டிக்கெட் கதவு வரை கூரையுள்ள தனி வழி ஒன்றை முதல் வரைபடத்திலேயே சேர்த்திருந்தால், செலவில் அது கடுகளவு. அது வராததற்குக் காரணம் பாறையோ மண்ணோ இல்லை. ரயில்வேயின் பாலம் ரயில்வேயுடையது, சாலை மாநகராட்சியுடையது, வாசல் மெட்ரோவுடையது. ஒவ்வொருவரும் அவரவர் வேலியோடு வேலையை முடித்துக்கொள்கிறார்கள்.

எதிர்ச்சாட்சி இதே நகரத்தில் இருக்கிறது. 2014 ஜூனில் திறந்த முதல் தடம் காட்கோபரில் மத்திய ரயில்வேயைச் சந்திக்கிறது. சுரங்கமும் இல்லை, பிரமாண்டமும் இல்லை. தூண்மேல் நிற்கும் ஒரு சாதாரண நிலையம். ஆனால் லோக்கலிலிருந்து இறங்கி நடைபாலம் ஏறினால் சாலையில் கால் வைக்காமல் மெட்ரோவுக்குள் போய்விடலாம். நெரிசல் இருக்கிறது, உச்ச நேரத்தில் பயங்கரமாகவே. அந்த நெரிசலே அதற்குச் சான்றிதழ்: மக்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். உல்லாஸ்நகரிலிருந்து சீப்ஸுக்குப் போகிறவர்கள் காட்கோபரில் மாறி, மரோல் நாக்காவில் மூன்றாம் தடத்துக்கு இறங்குகிறார்கள். மூன்றாம் தடத்தால் எங்களுக்குக் கிடைத்த நேரடிப் பயன், முதல் தடத்தின் நடைபாலம் வழியாகத்தான் வருகிறது.

சென்னை சென்ட்ரலையும் ஒரு பேச்சுக்கு எடுக்கலாம். கல்யாணில் ரயில் ஏறி ஊருக்குப் போகிறவர்களுக்குப் பழக்கமான இடம். அங்கும் மெட்ரோ பிளாட்பாரங்களுக்கு அடியில் போகவில்லை. முன்புறம் பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி, இரண்டு தடங்கள் கூடும் பெரும் பாதாள நிலையமாக 2018-இலும் 2019-இலும் திறந்தது. பல ஆண்டுகள் தகரத் தடுப்புகளுக்கு நடுவே பஸ் ஊர்ந்ததை மறக்க முடியாதுதான். ஆனால் சென்ட்ரல், புறநகர் ரயிலின் மூர் மார்க்கெட் வளாகம், எதிரே பார்க் நிலையம் எல்லாவற்றையும் கீழே சப்வேயில் கோத்திருக்கிறார்கள். நடை நீளம்தான், பெட்டியை இழுத்துக்கொண்டு போனால் கை வலிக்கும். வெயிலும் வண்டியும் இல்லை. ஒதுங்கிக் கட்டினாலும் ஒழுங்காகச் சேர்க்கலாம் என்பதற்கு அது போதும்.

நடைபாலம், சப்வே என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது சிலருக்கு அற்பமாகப் படலாம். 2017 செப்டம்பர் 29 அன்று எல்ஃபின்ஸ்டன் ரோடு-பரேல் நடைபாலத்தின் படியில் மிதிபட்டு 23 பேர் இறந்தார்கள். 2019 மார்ச் 14 அன்று சிஎஸ்எம்டி வாசலிலேயே ஹிமாலயா நடைபாலம் இடிந்து, அதன்மேல் நடந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள் சாலையில் விழுந்தார்கள். மும்பையில் லோக்கல் ஏறி இறங்குகிறவனை அந்த இரண்டு நாளும் கொன்றது நிலையத்துக்கு வெளியே நீளும் அந்தச் சில பத்து மீட்டர் பாலம்தான், சுரங்கம் இல்லை. ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு பங்கு கவனமும், இல்லாத இடத்தில் பத்துப் பங்கும் போயிருக்கின்றன.

தண்ணீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2025 மே 26 அன்று, திறந்து மூன்று வாரம்கூட ஆகாத ஆச்சார்ய அத்ரே சௌக் நிலையத்துக்குள் மழைவெள்ளம் பாய்ந்தது. சுரங்கத்துக்கு ஒன்றுமில்லை. கட்டி முடியாத வாசல் ஒன்றில் வைத்திருந்த தடுப்புச் சுவர் சரிந்து நீர் உள்ளே வந்தது. இங்கும் வாசல்தான். டிக்கெட்டைப் பற்றி ஒரு வரி: 2025 அக்டோபரில் மும்பை ஒன் என்ற செயலியை வெளியிட்டு எல்லா வண்டிக்கும் ஒரே டிக்கெட் என்றார்கள், நல்லது. ஆனால் எங்களில் பெரும்பாலோர் டிக்கெட் எடுப்பதில்லை, சீசன் பாஸ் வைத்திருக்கிறோம். சில நூறு ரூபாயில் ஒரு மாதம் போய்வருகிறவனை, ஒரு தடவைக்குப் பத்திலிருந்து எழுபது ரூபாய் வரை கேட்கும் மெட்ரோவுக்கு மாறச் சொன்னால், குறைந்தது வழியாவது எளிதாக இருக்க வேண்டாமா?

ஆக, என் தீர்ப்பு. ஓடும் நிலையங்களை அசைக்காமல் தோண்டியதில் மூன்றாம் தடம் தேறிவிட்டது. சிஎஸ்எம்டியில் நேர் அடியில் போகாமல் ஒதுங்கியது சரி. அந்த ஒதுங்கலின் சுமையைச் சால்களின் மேலும் பழைய கட்டடங்களின் மேலும் இறக்கியது, தவிர்த்திருக்கக்கூடிய குற்றம். தாதரில் தோல்வி. மத்திய ரயில்வே பயணிக்கு இது இன்னும் அவனுடைய தடம் ஆகவில்லை.

இந்தத் தீர்ப்பை உரசிப் பார்க்க அடுத்த இடம் தயாராகிறது. தானே வளைய மெட்ரோவுக்கு மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஒப்புதல் தந்தது: 29 கிலோமீட்டர், 22 நிலையங்கள், ஏறத்தாழ 12,200 கோடி, 2029 இலக்கு. பெரும்பகுதி தூண்மேல் போகிறது. மூன்று கிலோமீட்டர் அளவுக்குத்தான் பாதாளம், அதில் ஒரு நிலையம் தானே ரயில் நிலையத்தோடு சேர வேண்டியது. 1853-இல் போரி பந்தரிலிருந்து நாட்டின் முதல் பயணி ரயில் வந்து நின்ற ஊர். இன்று எங்கள் ஃபாஸ்ட் லோக்கல் ஒவ்வொன்றும் நின்று மூச்சுவாங்கும் ஊர். எவ்வளவு ஆழம், எந்த இயந்திரம், எத்தனை வளையம் என்பதெல்லாம் பொறியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. நான் வரைபடத்தில் தேடப்போவது ஒரே ஒரு கோடு: ஃபாஸ்ட் நிற்கும் 5, 6 பிளாட்பாரங்களின் படியிலிருந்து மெட்ரோ டிக்கெட் கதவு வரை, சாலையைத் தொடாமல், ஒரு வழி. அதை யார் கட்டுவது, யார் பராமரிப்பது என்று டெண்டருக்கு முன்பே ரயில்வேயும் மெட்ரோவும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அந்தக் கோடு இல்லாமல், மேற்குப் பக்கம் சாட்டிஸ் என்ற மேம்பாலத்துக்குக் கீழே ஆட்டோ வரிசைக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் இன்னொரு வாசலைத் திறந்துவைத்தால், உல்லாஸ்நகரிலிருந்து வருகிறவர்கள் தானேயில் இறங்கப்போவதில்லை. இப்போது போலவே தாதர் வரை வாசலில் தொங்கிக்கொண்டு போவார்கள்.